பாரிஸ் தெரு, மழை நாள்: கைபோத் அளந்து வரைந்த நகரம்

மழை நாளை வரைந்த ஓவியங்களில் மிகப் புகழ்பெற்ற ஒன்றில் ஒரு மழைத்துளிகூடக் கிடையாது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1877-இல் வரைந்த ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ ஓவியத்தைத்தான் சொல்கிறேன். குடைகள் விரிந்திருக்கின்றன. தெருவில் பாவிய கற்களின் இடுக்குகளில் தண்ணீர் மினுங்குகிறது. வானம் வெளிறிக் கிடக்கிறது. ஆனால் சாய்ந்து விழும் கோடுகளோ தெறிக்கும் துளிகளோ எங்கும் இல்லை. முதன்முதலில் காட்சிக்கு வைத்தபோதே ஒரு பத்திரிகை விமர்சகர், எல்லாம் நன்றாக இருக்கிறது, மழையை மட்டும் வரைய மறந்துவிட்டார் என்ற பொருளில் எழுதினார். அவர் குறையாகச் சொன்ன இடத்தில்தான் இந்த ஓவியத்தின் பலம் இருக்கிறது என்பது என் எண்ணம். புத்தம்புதிதாகக் கட்டப்பட்ட ஒரு நகரத்தில் மனிதர்கள் ஒருவரை விட்டு ஒருவர் எவ்வளவு தள்ளி நடக்கிறார்கள் என்பதுதான் இதன் விஷயம். ஆளுக்கொரு குடையைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த இடைவெளி தானாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மழையின் வேலை அவ்வளவுதான்.

முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம். பெரிய ஓவியம் இது: உயரம் 212 செ.மீ., அகலம் 276 செ.மீ. அசலின் முன் நிற்பவருக்கு முன்வரிசை மனிதர்கள் ஏறத்தாழ ஆளுயரத்தில் தெரிவார்கள். நட்டநடுவில் பச்சை நிறத் தெருவிளக்குக் கம்பம் ஒன்று மேலிருந்து கீழ்வரை படத்தை இரண்டாகப் பிளக்கிறது. கம்பத்துக்கு இடப்பக்கம் அகலமான சாலைச் சந்திப்பு, பின்னால் கப்பலின் முகப்பைப் போலக் கூர்ந்து முன்வரும் ஒரு கட்டடம், அதன் இருபுறமும் உள்வாங்கி ஓடும் தெருக்கள், ஒரு குதிரை வண்டி, அங்கங்கே குடை பிடித்த ஆட்கள். வலப்பக்கம் நடைபாதை. அதில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடையின் கீழ் நம்மை நோக்கி வருகிறார்கள். அவர்களின் பாதங்கள் படத்தின் கீழ் விளிம்புக்கு வெளியே போய்விட்டன. வலது ஓரத்தில் நமக்கு முதுகைக் காட்டியபடி இன்னொருவர். அவர் உடம்பில் பாதியைச் சட்டம் வெட்டிவிட்டது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் இரண்டு குடைகளும் மோதும். அவர் தன் குடையைச் சாய்க்கத் தொடங்கிவிட்டார். ஜோடியோ வேறெங்கோ பார்த்துக்கொண்டு வருகிறது.

இடம் கற்பனை அல்ல. பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்கு வடக்கே, இன்று டப்ளின் சதுக்கம் என்று அழைக்கப்படும் சந்திப்பு இது. அந்தக் காலத்தில் மாஸ்கோ சந்திப்பு என்று பெயர். படத்தில் இடதுபுறம் போவது மாஸ்கோ தெரு, நடுவில் கிளபெய்ரோன் தெரு, நாம் நிற்கும் நடைபாதை துரின் தெருவுடையது. சுற்றிலும் உள்ள தெருக்களுக்கு ஐரோப்பிய நகரங்களின் பெயர்கள் என்பதால் பகுதிக்கே ஐரோப்பாப் பேட்டை என்று பெயர் வந்துவிட்டது. 1820-களிலேயே இங்கே மனை போட்டுத் தெருக்களுக்குத் திட்டம் வகுத்துவிட்டார்கள். 1837-இல் பக்கத்தில் ரயில் வந்தது. ஆனால் வீடுகள் வரிசையாக எழும்பியது பெரும்பாலும் 1860-களிலும் அதன் பிறகும்தான். கைபோத் பிறந்த 1848-இல் இந்த முனையில் இப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை. அவர் வளர வளர அந்தத் தெருவும் வளர்ந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ஓவியம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். நமக்கு இது ‘பழைய பாரிஸ்’. அவருக்கோ சுண்ணாம்பு வாடை போகாத புது நகரம்.

அந்தப் புது நகரத்தின் கதையைச் சொல்லாமல் ஓவியத்தைப் பேச முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பாரிஸ் மையம் இருண்ட சந்துகளால் ஆனது. சாக்கடை போக வழியில்லை, நல்ல தண்ணீர் இல்லை. 1832-இல் வந்த காலரா பாரிஸில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே சந்துகள் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சிகளுக்கும் வசதியாக இருந்தன. சாலைக் கற்களைப் பெயர்த்துக் குவித்துத் தடுப்பரண் கட்டினால் தெருவை அடைத்துவிடலாம். படை உள்ளே நுழைய முடியாது. 1830-இலும் 1848-இலும் இதுதான் நடந்தது. பேரரசரான மூன்றாம் நெப்போலியன் 1853-இல் ஓஸ்மானை, பாரிஸ் அடங்கிய சேன் மாவட்டத்தின் நிர்வாகியாக நியமித்தார். 1870 தொடக்கத்தில் பதவி போகும்வரை ஓஸ்மான் நகரத்தை உடைத்துக் கட்டிக்கொண்டே இருந்தார். பழைய வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்தன. நேரான அகலச் சாலைகள் வெட்டப்பட்டன. எழில்மிகு தெருக்களுக்கு அடியில் பெல்கிரான் என்ற பொறியாளர் புதிய கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தார். 1860-இல் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு நகரம் 20 வட்டாரங்களாக விரிந்தது.

தெருக்கள் மட்டுமல்ல, தெருவைப் பார்த்து நிற்கும் சுவர்களும் விதிகளுக்குள் வந்தன. 1859-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 20 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள சாலையில் கட்டட முகப்பு 20 மீட்டர் உயரம் வரை போகலாம். அதற்கு மேல் கூரை 45 பாகைக் கோட்டைத் தாண்டாமல் பின்சாய வேண்டும். கூடவே ஒரே நிறச் சுண்ணக்கல், ஒரே மட்டத்தில் ஓடும் பால்கனிகள், ஒரே உயரத்தில் முடியும் கூரை விளிம்புகள். கைபோத்தின் படத்தில் கட்டடங்களின் மேல்விளிம்புகளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அடிமட்டக் கோல் வைத்து இழுத்தாற்போல ஓடும். ஓவியர் அழகுக்காக நேராக்கவில்லை, நகரமே அப்படித்தான் நேராக்கப்பட்டிருந்தது.

இந்த ஏற்பாட்டில் லாபம் பார்த்தவர்கள் உண்டு, ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் உண்டு. நகர மையத்தில் குறைந்த வாடகையில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. மேற்கே இதுபோன்ற புதுப் பேட்டைகளில் வசதியானவர்கள் குடியேறினார்கள். கைபோத் குடும்பம் இப்படிக் குடியேறிய வசதியான வகை. அப்பா மார்சியால், ராணுவத்துக்குப் படுக்கைத் துணிகளும் பிற துணிகளும் கொடுத்துப் பெரும் சொத்து சேர்த்தவர். வணிக நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். 1860-களில் மிரோமெனில் தெருவில் மனை வாங்கி மாளிகை கட்டினார். அந்த வீட்டிலிருந்து ஓவியத்தில் உள்ள சந்திப்புக்கு நடந்தே போய்விடலாம். ஆக, கைபோத் வேடிக்கை பார்க்க வந்த வெளியாள் அல்ல. தன் வட்டாரத்தை, தன் வர்க்கத்தை, தன்னைப் போலவே உடுத்திய ஆட்களை வரைந்திருக்கிறார்.

இப்போது அந்த இடைவெளிகளுக்கு வருவோம். இடது பாதியில் உள்ள ஆட்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். ஒருவர் சாலையைக் கடக்கிறார், ஒருவர் வண்டியை ஒட்டிப் போகிறார், சிலர் எதிர்ப்புற நடைபாதையில் இருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜோடியாகப் போகிறவர்கள்கூடத் தங்கள் குடைக்குள் தாங்களாக இருக்கிறார்கள். நெருக்கமான பழைய சந்தில் மழை பெய்தால் ஜனங்கள் ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்குவார்கள், தோளோடு தோள் உரசும், நாலு வார்த்தை பேச்சு வரும். இந்தச் சந்திப்பிலோ ஒதுங்கத் தாழ்வாரமே இல்லை. வழுவழுப்பான சுவர்களும் அகன்ற கல்தளமும்தான். ஒவ்வொருவரும் தன் கூரையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

குடைக்கும் ஒரு தொழில் வரலாறு உண்டு. திமிங்கல எலும்பாலும் பிரம்பாலும் செய்த கனமான குடைக்கம்பிகளுக்குப் பதிலாக எடை குறைந்த எஃகுக் கம்பிகள் 1850-களில் பரவின. இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் 1852-இல் உருவாக்கிய குடைச்சட்டம் அதில் முக்கியமானது. அப்புறம் பல்பொருள் அங்காடிகள் வந்தன. ஒரே மாதிரியான குடை ஆயிரக்கணக்கானவர்கள் கைக்குப் போனது. ஓவியத்தில் உள்ள குடைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே வளைவு, ஒரே அளவு. கட்டடத்தைப் போலவே குடையும் ஒரே அச்சில் வார்த்ததுதான். கோட்டுகளும் தொப்பிகளும் அப்படியே. இத்தனை ஒற்றுமை இருந்தும் ஆட்கள் தனித்தனியாக இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்து வியக்கிறேன்.

இந்தத் தனிமையை வெறும் முகபாவத்தால் காட்டியிருந்தால் படம் சோகக் கதை ஆகியிருக்கும். கைபோத் அதைக் கணக்கால் காட்டினார். ஓவியர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்று சொல்லும் விஷயத்தை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சமதளத்தில் நின்று பார்க்கும்போது, நம் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் அடிவானக் கோடு அமையும். நம்மைப் போன்ற உயரமுள்ளவர்கள் பக்கத்தில் நின்றாலும் நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் அவர்கள் தலை ஏறத்தாழ அதே கோட்டில்தான் வரும். தூரம் கூடக்கூடப் பாதங்கள்தான் மேலேறும், உருவம் சுருங்கும். இந்த ஓவியத்தில் பெரிதாக உள்ள முன்வரிசை ஆணின் தலையும், தொலைவில் விரல் அளவே உள்ள மனிதனின் தலையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருப்பதைக் கவனிக்கலாம். அதனால்தான் இதைப் பார்க்கும்போது நாமும் அதே நடைபாதையில் நிற்பதாகத் தோன்றுகிறது. படுக்கையாக ஓடும் அந்தத் தலைக்கோடும், செங்குத்தாக நிற்கும் விளக்குக் கம்பமும் சேர்ந்து படத்தை நாலு கட்டங்களாகப் பிரிக்கின்றன.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. முன்னால் இருக்கும் ஜோடி மிகப் பெரிது. அடுத்த ஆள் சட்டென்று சிறியவன். நடுவில் இருக்க வேண்டிய நடுத்தர அளவு உருவங்கள் கிட்டத்தட்ட இல்லை. இதனால் அருகுக்கும் தொலைவுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் ஈரக் கற்கள் மட்டும் கிடக்கின்றன. இன்று செல்போனில் வைட் ஆங்கிள் வைத்துத் தெருவை எடுத்தால் இதே விளைவு வரும். கைபோத் புகைப்படத்தின் உதவியை எடுத்துக்கொண்டாரா என்ற விவாதம் இதனால்தான் வந்தது. அவருடைய தம்பி மார்சியால் பிற்காலத்தில் நிறையப் புகைப்படம் எடுத்தவர் என்பதும் விவாதத்துக்குத் தீனி போட்டது. ஆனால் இந்த ஓவியத்துக்குக் கேமராவைப் பயன்படுத்தினார் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை அவர் கைப்பட வரைந்த படங்கள். கோல் வைத்துத் தெருவையும் கட்டடங்களையும் அளந்த வரைபடம், குடை பிடித்த ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியே போட்ட பென்சில் படங்கள், கற்கள் பாவிய தரைக்கு ஒரு பயிற்சி, பிறகு தைலவண்ணத்தில் ஒரு சிறிய முன்வரைவு. அந்த முன்வரைவு இப்போது பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைபோத் அதைத் தன் நண்பரும் ஓவியருமான மோனேவுக்குக் கொடுத்திருந்தார்.

முன்வரைவையும் முடிந்த ஓவியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். சிறிய படத்தில் தூரிகை வேகமாக ஓடியிருக்கிறது. முகங்கள் பூச்சுகளாக இருக்கின்றன, கட்டடங்கள் மங்கலாகக் கரைகின்றன. பார்த்தவுடன் எவரும் இம்ப்ரெஷனிசம், அதாவது கணநேரக் காட்சியை வேகமான பூச்சுகளால் பிடிக்கும் பாணி, என்று சொல்லிவிடலாம். பெரிய படத்தில் அதையெல்லாம் இறுக்கிவிட்டார். பெண்ணின் முகத்தை மூடிய மெல்லிய வலைத் திரையில் உள்ள கரும்புள்ளிகள், காதில் மின்னும் தோடு, ஆணின் கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் தெளிவாக நிற்கின்றன. மோனே போன்றவர்கள் கண்ணில் பட்ட கணத்தைக் கான்வாஸிலேயே பிடித்துவிட முயன்றார்கள். கைபோத் கணத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதைப் பல மாதம் கட்டி எழுப்பியவர். கட்டப்பட்ட நகரத்துக்குக் கட்டப்பட்ட ஓவியம் பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. சந்திப்பின் ஒவ்வொரு விளிம்பும் அளவுகோலுக்குப் பிறந்தது. அதைக் கலைந்த தூரிகையால் மட்டும் சொல்லியிருந்தால் ஓஸ்மானின் பாரிஸ் கைநழுவிப் போயிருக்கும்.

அப்படியானால் இவரை இம்ப்ரெஷனிஸ்ட் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வி அன்றே இருந்தது. நாவலாசிரியர் எமில் ஸோலா 1876-இல் கைபோத்தின் இன்னோர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அளவுக்கு மீறிய துல்லியம் அதைக் கலையிலிருந்து விலக்குகிறது என்று கண்டித்தார். மறு ஆண்டு ‘மழை நாள்’ படத்தைக் கண்டதும் அவர் தொனி மாறியது. நவீன வாழ்க்கையை ஆளுயரத்தில் வரையத் தயங்காத துணிச்சல்காரர் என்று பாராட்டினார். பாணியை விட்டுவிட்டு நடந்ததைப் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. 1877 ஏப்ரலில் லெ பெல்த்தியே தெரு 6-ஆம் எண் வீட்டில் மோனே, ரெனுவார் முதலான ஓவியர்களின் மூன்றாவது குழுக் கண்காட்சி நடந்ததற்கே கைபோத்தான் காரணம். இடத்துக்கு ஏற்பாடு செய்தார், பணம் போட்டார், ஓவியர்களைக் கூட்டினார். இந்தக் குழு இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரைத் தானாக ஏற்றுக்கொண்டது அந்தக் கண்காட்சியில்தான். ரெனுவாரின் ‘மூலன் த லா கலெத் நடனம்’, மோனேவின் சான் லசார் ரயில் நிலைய ஓவியங்கள், கைபோத்தின் ‘ஐரோப்பாப் பாலம்’, இந்த மழைத் தெரு எல்லாம் ஒரே கூரையின் கீழ் தொங்கின. மோனே அந்த ரயில் நிலையத்தை வரைவதற்காகப் பக்கத்தில் எடுத்த அறைக்கு வாடகை கொடுத்ததும் கைபோத்தான். அப்போது அவருக்கு வயது 28.

அந்த வயதில் அவர் உயிலும் எழுதிவிட்டிருந்தார். 1876-இல் தம்பி ரெனே இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இறந்ததும், தனக்கும் ஆயுள் குறைவு என்ற பயம் கைபோத்தைப் பிடித்துக்கொண்டது. அதே நவம்பரில் எழுதிய உயிலில், நண்பர்களின் அடுத்த கண்காட்சிக்குப் பணம் ஒதுக்கினார். தான் வாங்கிய அவர்களது ஓவியங்கள் அரசுக்குப் போக வேண்டும், பரணிலோ வெளியூர் அருங்காட்சியகத்திலோ முடங்கக் கூடாது, லுக்ஸம்பூர்க் அருங்காட்சியகத்திலும் பிறகு லூவரிலும் தொங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மழைத் தெருவை அவர் வரைந்துகொண்டிருந்த காலமும் இதுதான். ஓவியத்தில் உள்ள அமைதியை இந்த இழப்போடு நேராக முடிச்சுப் போட எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனாலும் அந்த மாதங்களின் பின்னணி இது என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய இழப்பொன்று நகரத்துக்கே நேர்ந்திருந்தது. 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டது. ஜனவரி இறுதிவரை நகரம் பட்டினி கிடந்தது. மார்ச்சில் அரசுக்கு எதிராகப் பாரிஸில் வெடித்த கம்யூன் எழுச்சி, மே மாதக் கடைசி வாரத்தில் அதை ஒடுக்கிய படுகொலைகள். கைபோத் அந்தப் போரில் நடமாடும் காவல்படையில் பணிபுரிந்தவர். ஆறு ஆண்டுகள் கழித்து வரைந்த தெருவில் தடுப்பரண் இல்லை, எரிந்த சுவர் இல்லை, சாலைக் கற்கள் ஒன்றுகூடப் பெயராமல் அதனதன் இடத்தில் பளபளக்கின்றன. தடுப்பரண் கட்டிய நினைவு ஊரில் இன்னும் ஆறாத நேரத்தில் படத்தின் கால்பங்கை அந்தக் கற்களுக்கு ஒதுக்கியதைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். 1877-இல் படத்தின் முன் நின்ற பாரிஸ்வாசிக்கு அந்த ஒழுங்கு எவ்வளவு சமீபத்தில் திரும்பி வந்தது என்பது தெரிந்திருக்கும்.

வலப்பக்கம் மீண்டும் போவோம். பெண் உடுத்தியிருப்பது ஓரத்தில் மென்மயிர் வைத்த கோட்டு, முகத்தில் திரை. ஆணுக்கு உயரத் தொப்பி, நேர்த்தியான மீசை, கழுத்தில் வில்முடிச்சு. அவள் கை அவன் கைக்குள் இருக்கிறது, குடையை அவன் பிடித்திருக்கிறான். இவர்கள் கணவன் மனைவியா, உலாவ வந்தவர்களா, வேலையாகப் போகிறவர்களா என்று படம் சொல்வதில்லை. ஆனால் அவர்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தால் இரண்டு சின்ன உருவங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வாசலில் வீட்டு வேலைக்காரப் பெண். இன்னும் உள்ளே, ஏணியைத் தூக்கிப் போகும் தொழிலாளி ஒருவர். குடையொன்று அவரைப் பெருமளவு மறைத்துவிட்டது. இந்தப் பேட்டையில் வாழ்க்கை நடக்கக் காரணமானவர்கள் படத்தில் இவ்வளவு இடம்தான் பெறுகிறார்கள். அங்கே ஆட்கள் அப்படித்தான் கண்ணில் பட்டார்கள், அல்லது படாமல் போனார்கள்.

கைபோத்துக்கு அவர்கள் கண்ணில் படாதவர்கள் அல்ல. 1875-இல் அவர் வரைந்த ‘தரை இழைப்பவர்கள்’ ஓவியத்தில் மூன்று தொழிலாளர்கள் சட்டையில்லாமல் முட்டிபோட்டுப் புது வீட்டின் மரத்தரையை இழைக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் முதுகுகளில் வழிகிறது. தரமில்லாத விஷயம் என்று அரசுக் கண்காட்சியின் தேர்வுக்குழு அதை ஒதுக்கியது. ஸோலா கண்டித்த துல்லியமும் இந்த ஓவியத்தினுடையதுதான். 1877-இல் கடை முகப்புக்குப் பெயிண்ட் அடிப்பவர்களை ஏணிகளோடு நடைபாதையில் நிறுத்தி ஒரு படம் வரைந்தார். இவற்றையும் மழைத் தெருவையும் சேர்த்து வைத்தால்தான் முழு விஷயமும் கிடைக்கும்: ஒன்றில் அந்த வீடுகள் தயாராகின்றன, இன்னொன்றில் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே வருகிறார்கள்.

மற்றவர்கள் பாரிஸ் தெருவை எப்படிப் பார்த்தார்கள் என்பதோடு ஒப்பிடுவதும் உதவும். மோனே 1873-இல் வரைந்த கபுசீன் பெருஞ்சாலை மாடியிலிருந்து பார்த்தது. கீழே மனிதர்கள் கறுப்புத் தீற்றல்களாக நெளிகிறார்கள். அதே குழுவைச் சேர்ந்த பிஸாரோ 1897-இல் மோன்மார்த்ர் பெருஞ்சாலையை விடுதி ஜன்னலிலிருந்து வெவ்வேறு வெளிச்சங்களில் வரிசையாக வரைந்தார். அங்கே கூட்டம்தான் பாத்திரம், தனி ஆள் இல்லை. அழகான படங்கள், சந்தேகமில்லை. ஆனால் உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எதிரே வரும் ஆளுக்கு வழிவிட வேண்டிய சங்கடம் கிடையாது. கைபோத்தும் பின்னாட்களில் பால்கனிகளிலிருந்து நிறைய வரைந்திருக்கிறார். இந்த ஓவியத்தில் மட்டும் கீழே இறங்கி, நடைபாதையில், குடைகள் உரசும் தூரத்தில் நம்மை நிறுத்துகிறார்.

ரெனுவார் 1880-களில் வரைந்த ‘குடைகள்’ இன்னும் நல்ல ஒப்பீடு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சொந்தமானது அது. அதிலும் மழை, அதிலும் குடைகள். ஆனால் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இடைவெளியே இல்லை. கையில் கூடையோடு, தொப்பியும் குடையும் இல்லாமல் வரும் இளம் பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆண் தன் குடையை நீட்டத் தயாராகிறான். ஒரு குழந்தை நம்மைப் பார்க்கிறது. ரெனுவாருக்குத் தெரு என்பது சந்திக்கும் இடம். கைபோத்துக்கு அது கடந்துபோகும் இடம். எனக்கு ரெனுவாரின் கூட்டத்தில் நிற்கப் பிடிக்கும். ஆனால் பெருநகர வாழ்க்கை எப்படி ஆகிக்கொண்டிருந்தது என்பதைச் சரியாகக் கண்டுகொண்டவர் கைபோத் என்பேன்.

இவ்வளவு முக்கியமான ஓவியம் நீண்ட காலம் பலர் கண்ணில் படாமலே இருந்தது. காரணம் எளிது. கைபோத் பணக்காரர், படத்தை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. விற்காத படம் சந்தைக்கு வராது, சந்தைக்கு வராத படம் அருங்காட்சியகத்துக்கும் புத்தகத்துக்கும் மெல்லத்தான் போகும். 1880-களில் அவர் பாரிஸிலிருந்து விலகி, சேன் நதிக்கரையில் பெத்தி ஜென்வில்லியேவில் தோட்டம் போட்டுப் பாய்மரப் படகுகளை வடிவமைப்பதில் மூழ்கினார். 1894 பிப்ரவரியில் 45 வயதில் இறந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ரெனுவாரிடம் வந்தது. மோனே, ரெனுவார், பிஸாரோ, தெகா, செஸான் முதலானவர்களின் ஓவியங்கள் அடங்கிய பரிசைப் பெற்றுக்கொள்ள அரசு தயங்கியது. பழைமைவாத ஓவியர்கள் எதிர்த்தார்கள். இழுபறிக்குப் பிறகு 1896-இல் ஏறத்தாழ 40 ஓவியங்களை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தின் இம்ப்ரெஷனிசத் தொகுப்பு நிற்பது அந்த அடித்தளத்தின் மேல்தான். தன் சொந்தப் படங்களை அந்தக் கொடையில் அவர் சேர்க்கவில்லை. ‘தரை இழைப்பவர்கள்’ அவர் இறந்த பிறகு குடும்பத்தாரும் ரெனுவாரும் முயன்று கொடுத்தது. இதன் விளைவு, உலகம் அவரை ரொம்பக் காலம் புரவலராக மட்டும் நினைவில் வைத்திருந்தது.

மழைத் தெரு 1950-கள் வரை குடும்பத்திடமே இருந்தது. பிறகு அமெரிக்கச் சேகரிப்பாளர் வால்டர் கிரைஸ்லரின் கைக்குப் போய், 1964-இல் சிகாகோ கலை நிறுவனத்தை அடைந்தது. 1970-களில் அமெரிக்காவில் நடந்த தனிக் கண்காட்சிக்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் அவரை ஓவியராகத் தீவிரமாகப் படிக்கத் தொடங்கினார்கள். 2013-14-இல் சிகாகோ நிறுவனம் இந்த ஓவியத்தைச் சுத்தம் செய்தது. மஞ்சளித்துப்போன மெருகெண்ணெயையும் பழைய பழுதுபார்ப்பில் வானத்தின் மேல் பூசியிருந்த வண்ணத்தையும் நீக்கியபோது, பழுப்பேறிக் கிடந்த வானத்திலிருந்து நீலமும் வெளிர் மஞ்சளும் கலந்த வெளிச்சம் வெளிவந்தது. ஈரக் கற்களில் தெரியும் பளபளப்புக்கு மேலேயிருந்து வரும் அந்த வெளிச்சமே காரணம் என்பது அப்போதுதான் சரியாக விளங்கியது. படம் முழுக்கச் சாம்பல் சோகம் என்று எழுதிவந்தவர்கள் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

சந்தையும் அரசும் தாமதமாக விழித்துக்கொண்டன. 2021-இல் அவருடைய ‘ஜன்னலோரம் இளைஞன்’ ஓவியத்தை லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம் 5 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. படகு வலிப்பவரை வரைந்த படம் நாட்டை விட்டுப் போய்விடாமல் இருக்க, தனியார் நன்கொடையாகக் கிடைத்த 4.3 கோடி யூரோவைக் கொண்டு பிரான்ஸ் அதை ஓர்சேக்கு வாங்கித் தந்தது. 2024-25-இல் ஓர்சே, கெட்டி, சிகாகோ மூன்றும் சேர்ந்து நடத்திய பெரிய கண்காட்சி புதிய சர்ச்சை ஒன்றையும் கிளப்பியது. கைபோத் தன் காலத்து ஓவியர்களைவிட ஆண்களையே அதிகம் வரைந்தவர் என்பதை மையமாக்கிப் பாரிஸில் ‘ஆண்களை வரைதல்’ என்று தலைப்பிட்டார்கள். சிகாகோ அதை ‘தன் உலகை வரைதல்’ என்று மாற்றிக்கொண்டது. ஆண் உடலை அவர் பார்த்த விதத்தில் என்ன விருப்பம் இருந்தது என்று ஒரு தரப்பு கேட்க, வாழ்க்கைக் குறிப்புகளில் இல்லாததை ஓவியத்தில் தேடுகிறார்கள் என்று இன்னொரு தரப்பு மறுத்தது. மழைத் தெருவைப் பொறுத்தவரை அந்த விவாதம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இத்தனை காலம் எல்லோரும் ‘மக்கள்’ என்றே எழுதிவந்த அந்தத் தெருவில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருக்கிறார்கள் என்பதையும், முன்னால் வரும் பெண் ஆணின் கையைப் பிடித்தபடிதான் அந்தச் சந்திப்பைக் கடக்கிறாள் என்பதையும் பார்வையாளர்கள் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.